கம்பிக்கட்டுத் துப்பாக்கியும் தூக்குச்சட்டி மூடியும்

"திருடுனவன் வாயாலேயே திருடுனேன்னு சொல்ல வைக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

தங்கப்பழம் ஜீப்பை விட்டு இறங்கினார். நேரே கொட்டகைக்குள் வந்தார். கேட்டார். வணக்கம் கிடையாது.

உலகம்மா அண்டாவில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"செருப்பைக் கழத்திட்டுக் கேளுங்க அண்ணாச்சி."

கழற்றினார். அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்தத் தடவை சத்தம் கொஞ்சம் கூடியது.

"சத்தம் கூடுனதால கேள்வி மாறலியே," என்றாள் அவள். "உக்காருங்க."

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், எலுமிச்சைத் தோப்புகள் முடிகிற இடத்தில் அந்த ஓலைக் கொட்டகை இருந்தது. தோப்பு வேலைக்குப் போகிற பெண்கள் சாயங்காலம் காலித் தூக்குச்சட்டியை அங்கே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். விடிகாலையில் உலகம்மா அதில் கஞ்சி ஊற்றி வைப்பாள். எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போவார்கள்.

ஊர்க்காரர்கள் அவளைச் சாமி என்றார்கள். அவள் தன்னைக் கஞ்சிக்காரி என்றாள். மாட்டுத் தரகர் மகள். சந்தையில் ஆண்களோடு நின்று தரகு பேசியவள், ஒரு நாள் போதும் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து அடுப்பு மூட்டினாள்.

தங்கப்பழம் அவளைவிட இருபது வயது மூத்தவர். பழைய இரும்பை எடைக்கு வாங்கி எடைக்கு விற்று, அடிபட்டு, ஏமாந்து, ஏமாற்றவும் கற்றுக்கொண்டு ஆளானவர். யாரிடமும் யோசனை கேட்டு நின்றதில்லை. இவளிடம் மட்டும் வருவார். அவரைப் பேரத்தில் ஜெயித்த ஒரே ஆள் இவள்தான்.

"என்ன திருட்டுப் போச்சு?"

"போல்ட்டு."

"ஜீப்புக்கா?"

"துப்பாக்கிக்கு. குழலைப் பின்னால மூடுற தாழ்ப்பாள்."

கரண்டி நிற்கவில்லை.

"யாரைச் சுடணும்?"

"சுடாது. செத்த துப்பாக்கி. பட்டாளத்துல கழிச்சுப் போட்டது. சர்க்காரே குழல்ல ஓட்டை போட்டு, அடைச்சு, காட்சிக்கு மட்டும்னு காகிதம் குடுத்திருக்கு."

"சுடாத துப்பாக்கிய வச்சு என்ன செய்வீங்க?"

"வச்சிருப்பேன்."

"சரி."

அந்தச் சரி அவருக்குப் பிடிக்கவில்லை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் புரியாது. திரீ நாட் திரீ ரைபிள் எங்க வேணும்னாலும் கெடைக்கும். இது அது இல்ல. குழல் வாயில கையெறி குண்டை மாட்டி எறியற துப்பாக்கி. குழல் வெடிச்சுரக் கூடாதுன்னு முன்கட்டையைச் சுத்திச் செப்புக் கம்பி கட்டியிருப்பான். கம்பிக்கட்டுன்னு சொல்லுவோம். அதுலயும் மூணு இடத்துல கம்பி கட்டுனது நான் என் கண்ணால கண்டது ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட இருக்கு. இன்னொண்ணு சவரிராயன்கிட்ட."

"சவரிராயன் யாரு?"

"திருடன்."

"அதுக்கு முன்னால?"

தங்கப்பழம் அண்டாவைப் பார்த்தார். ஆவியைப் பார்த்தார்.

"கூட்டாளி," என்றார்.

உலகம்மா ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டாள்.

"எப்படித் திருடுனாரு?"

"ரெண்டு பேரும் சேந்துதான் பட்டாளத்து டிஸ்போசல் ஏலத்துக்குப் போனோம். ஒரே பெட்டிக்குள்ள ரெண்டும் கெடந்துச்சு. ஆளுக்கொண்ணு எடுத்தோம். அன்னைக்கு எங்களைப் பாத்திருக்கணும் நீங்க, கல்யாண மாப்பிள்ளை தோத்தான். வார வழியில செங்கோட்டைக் கணவாய்ல மழை. லாரியை ஓரங்கட்டச் சொல்லி, தார்ப்பாய்க்குள்ள ஒரே சாக்கை விரிச்சு உக்காந்து கிரீஸைத் துடைச்சோம். பட்டாளத்துக் கிரீஸு, விரல் கனத்துக்கு இருக்கும். நம்பர் எங்க கெடக்கு, எழுத்து எங்க கெடக்குன்னே தெரியாது."

"துடைச்சீங்க."

"துடைச்சு, மாட்டி, அவனவன் வீட்டுக்குப் போயிட்டோம். காலையில வெளிச்சத்துல பாக்கேன். துப்பாக்கி உடம்புல நானூத்திப் பதினேழு. போல்ட்டுல அறுநூத்தி எண்பத்திரண்டு!"

"அப்படின்னா?"

"அப்படின்னா என்னவா? உடம்புல என்ன நம்பர் வெட்டியிருக்கானோ அதே நம்பரைப் போல்ட்டுலயும் வெட்டியிருப்பான். ரெண்டும் சேந்தாத்தான் துப்பாக்கி. சேரலன்னா அது என் கடைச் சாமான், எடைக்குப் போடலாம்."

"அந்த அறுநூத்தி எண்பத்திரண்டு யாருது?"

"அவன் துப்பாக்கி நம்பர்."

"உங்க போல்ட்டு?"

"அவன் துப்பாக்கிக்குள்ள கெடக்கு."

உலகம்மா கரண்டியை அண்டா விளிம்பில் தட்டினாள்.

"அப்ப அவருக்கும் திருட்டுப் போயிருக்கு."

"அதையேதான் அவனும் சொல்லுதான்!" தங்கப்பழம் எழுந்துவிட்டார். "நான் மாத்துனேனாம்! நானு! இருட்டுல கையில குடுத்தா எந்த வருசத்து இரும்புன்னு சொல்லுவேன் நான். என் கை தப்புப் பண்ணுமா?"

கூரையில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது.

"பண்ணாது. அவரு கை?"

"அவன் ரயில்வேயில கார்டா இருந்தவன். ராத்திரி பகல் எந்நேரமும் பெட்டியை எண்ணிப் பழகினவன். அவனும் தெரியாமச் செய்ய மாட்டான். தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான்."

"ஆளுக்கு ஆளு மாத்திக்கிட்டா முடிஞ்சு போச்சே அண்ணாச்சி."

"மாத்திக்கிடுவேன். திருடுனேன்னு மொதல்ல ஒத்துக்கிடட்டும்."

"அவரு?"

"நான் ஒத்துக்கிடணுமாம்."

"இது எப்பத்துல இருந்து நடக்கு?"

"என் பேத்தி பொறந்த வருசம். அவ இப்ப சைக்கிள் ஓட்டுதா."

உலகம்மா விறகைப் பின்னால் இழுத்தாள். தீ தணிந்தது.

"இத்தன வருசம் பொறுத்தவரு இன்னைக்கு ஏன் ஜீப்பை இந்த வெரட்டு வெரட்டிக்கிட்டு வந்தீங்க?"

"அவன் போறான். மக கூப்பிடுதாளாம், கனடாவுக்கு. ஒரேடியா. துப்பாக்கியைப் பெங்களூர்க்காரர் ஒருத்தர் வாங்கிட்டாரு. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிருவாரு. அதோட என் போல்ட்டு போச்சு. பொறவு இந்தப் பிறவியில எனக்கு நம்பர் சேராது."

"உங்களுக்கு என்ன வேணும்? போல்ட்டா, அவரு ஒத்துக்கிடுறதா?"

"ரெண்டும்."

"ஒண்ணுதான் கெடைக்கும்னா?"

தங்கப்பழம் உட்கார்ந்தார்.

பிறகு எழுந்து போய் ஜீப்பிலிருந்து துப்பாக்கியைக் கொண்டுவந்தார். சாக்கில் சுற்றியிருந்தது. பிரித்தார். செப்புக் கம்பிக் கட்டு மூன்றும் அடுப்பு வெளிச்சத்தில் மினுங்கின. உலகம்மா குனிந்து பார்த்தாள். போல்ட்டின் குமிழைப் பிடித்துத் தூக்கினாள், இழுத்தாள், தள்ளினாள், இறக்கினாள்.

வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது.

"மூடுதே," என்றாள்.

"மூடும். சேராது."

அவள் மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள்.

"நல்லா மூடுது," என்றாள்.

தங்கப்பழம் துப்பாக்கியை வாங்கிச் சுற்றி வைத்தார். இவளோடு இதைப் பேசிப் பிரயோசனம் இல்லை. தனக்குத் தெரிந்த பாதையில் இறங்கினார்.

"பேரம் பேசுவோம். நீங்க எனக்கு வழி சொல்லுங்க. இந்த ஓலையைப் பிரிச்சிட்டு மேல தகரம் போட்டுத் தாரேன்."

உலகம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். அவர் கை மேலும் தன் கை மேலும் போட்டு மூடினாள். மாட்டுச் சந்தையில் பேசுகிற முறை. வாயால் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்டுவிடும், விரல் பேசினால் கேட்காது.

பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் முறை முறைதான்.

துண்டுக்குள் அவள் அவருடைய நாலு விரலைப் பிடித்தாள்.

"நாலு பக்கமும் தகரமா? நான் சொன்னது கூரை."

மறுபடி நாலு விரல். இந்தத் தடவை வலித்தது.

"ரெண்டு பக்கம்."

நாலு.

"தாயி, நியாயமா பேசுங்க. மூணு பக்கம். வாசல் பக்கம் எதுக்குத் தகரம்?"

விரலை விட்டாள். துண்டை உதறி அவர் தோளிலேயே போட்டாள்.

"மூணு பக்கமும் மேலயும் தகரம். அதோட இன்னைக்கு ஒரு வேலை."

"தகரமும் போட்டு வேலையும் செய்யணுமா?"

"வழி கேட்டு வந்தது யாரு?"

"என்ன வேலை?"

"பொம்பளைங்க சாயங்காலம் தூக்குச்சட்டியைப் போட்டுட்டுப் போவாங்க. கழுவி, மூடி போட்டு, வரிசையா அடுக்கி வைங்க. காலையில அவங்க எடுத்துட்டுப் போகட்டும். பொறவு பேசுவோம்."

---

வெயில் சாய்ந்ததும் பெண்கள் வந்தார்கள். தூக்குச்சட்டிகளைப் போட்டார்கள். சட்டி மேலேயே மூடியும் இருந்தது. தண்ணீர்த் தொட்டியடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

தங்கப்பழம் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தார். கை கறையைத் தேய்த்தது. கண் எழுத்தைத் தேடியது. அது அவருக்கு வியாதி. எந்த உலோகத்தைத் தொட்டாலும் எங்கே என்ன வெட்டியிருக்கிறான் என்று பார்க்காமல் இருக்க முடியாது.

இங்கே வெட்டியிருந்தது. எல்லாவற்றிலும். கல்யாணத்துக்கு வந்த சட்டி, சடங்குக்கு வந்த சட்டி, மாமன் சீர், அத்தை சீர். கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாகப் பெயர். மூடியிலும் அதே மாதிரி பெயர்.

ஒன்றை எடுத்தார். சட்டியில் 'மாரித்தாய்'. அதன் மேல் கிடந்த மூடியில் 'வள்ளிமயில்'.

இன்னொன்றை எடுத்தார். சட்டியில் 'வள்ளிமயில்'. அதன் மூடியில் 'இசக்கி'.

"என்ன பொம்பளைங்க இவங்க!" என்றார் தொட்டியிடம்.

பெயர் வெட்டியிருக்கிறது. கண் இருக்கிறது. ஒருத்திக்காவது தன் மூடியைத் தேடி எடுக்கத் தோன்றவில்லை. அவருக்கு உள்ளங்கை அரித்தது.

மூடிகளைத் தரையில் பரப்பினார். சட்டிகளை எதிரே நிறுத்தினார். மாரித்தாய்க்கு மாரித்தாய். இசக்கிக்கு இசக்கி. ஒவ்வொன்று சேரும்போதும் அவருக்கு உள்ளே ஏதோ ஒன்று சொடக்கென்று உட்கார்ந்தது. இந்தச் சுகத்துக்காகத்தான் இத்தனை வருடம் ஏலம் ஏலமாக அலைந்தார். வளைந்த விளிம்பைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். அழுத்தினார். சேர்த்தார்.

கடைசியில் ஒரு சட்டி மிஞ்சியது. 'பேச்சி' என்று இருந்தது. ஒரு மூடியும் மிஞ்சியது. 'செல்லக்கிளி' என்று இருந்தது.

பேச்சிக்கு மூடி இல்லை. செல்லக்கிளிக்குச் சட்டி இல்லை.

செல்லக்கிளி மூடியைத் தூக்கி ஓட்டை டப்பாக்கள் கிடந்த மூலையில் போட்டார். ஜீப்புக்குப் போய்த் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியைக் கொண்டுவந்து பேச்சியின் சட்டிக்குப் போட்டுப் பார்த்தார். பொருந்தியது. பெயர் எதுவும் இல்லாத, பளபளப்பான மூடி.

தவறான பெயருக்குப் பெயரே இல்லாதது மேல்.

அன்று கொட்டகையிலேயே படுத்தார். நன்றாகத் தூங்கினார்.

---

"ஏ, யாருட்டீ என் மூடியை மாத்துனது?"

"எனக்கு மூடவே மாட்டேங்கு!"

"எனக்குத் திறக்க மாட்டேங்கு!"

"ஐயோ, சேலையெல்லாம் கஞ்சி!"

தங்கப்பழம் எழுந்து வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"யாரும் மாத்தலம்மா. மாறிக் கெடந்ததை நான்தான் சேத்து வச்சேன். பேரைப் பாருங்க. அவங்கவங்க மூடிதான்."

பெண்கள் மூடிகளைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள்.

"இவரு யாரு, தாசில்தாரா?" என்றாள் ஒருத்தி.

"மீசையைப் பாத்தா தாசில்தாரு. மூடியைப் பாத்தா ஒண்ணுந் தெரியாதவரு."

"அண்ணாச்சி, என் சட்டி விழுந்து நசுங்கி எத்தன வருசமாச்சு? அந்த நசுங்கலுக்கு இசக்கி மூடிதான் படியும். என் மூடிக்கு மாரித்தாய் சட்டிதான் தோது."

"அப்படின்னா யாரு மூடி யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன செய்ய? தோப்புல எல்லாரும் வட்டமா உக்காந்து திங்கோம். மூடியில ஊறுகாயை வச்சு ஆளுக்கு ஆளு தள்ளுவோம். முடிச்சு எந்திரிக்கையில எதுக்கு எது படியுதோ அது."

அவர்களே ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி பிடுங்கி மாற்றிக்கொண்டார்கள். சேர்க்க அவருக்கு ஒரு சாயங்காலம் ஆனது. கலைக்க அவர்களுக்கு வெற்றிலை மடிக்கிற நேரம் ஆனது. சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஒருத்தி போகவில்லை.

கையில் தூக்குச்சட்டியோடு நின்றாள். மேலே பளபளப்பான மூடி. ஒல்லியான பெண். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"இது என் மூடி இல்ல."

"நீ பேச்சியா?"

"ஆமா."

"உன் மூடி வரிசையிலேயே இல்லம்மா. எவளோ எடுத்துட்டுப் போயிட்டா. உன் சட்டி மேல வேற ஒருத்தி மூடி கெடந்துச்சு. அதான் புதுசு போட்டுக் குடுத்திருக்கேன். நல்ல கனமான எவர்சில்வர். வச்சுக்கோ."

"அந்த வேற ஒருத்தி மூடி எங்க?"

"அது எதுக்கு உனக்கு? உன் பேரே அதுல இல்லியே."

"செல்லக்கிளி பேரு இருக்கும்."

"ஆமா. யாரு அவ?"

"என்கூட வேலை பாத்தவ. திருப்பூருக்கு மில்லு வேலைக்குப் போயிட்டா."

"உன் மூடி?"

"அவகிட்ட."

"எடுத்துட்டுப் போயிட்டாளா?"

பேச்சி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடவா விளங்காது என்கிற மாதிரி.

"எடுக்கல. கடைசி நாளு ஒண்ணா உக்காந்து தின்னோம். மழை தூத்துச்சு. அவசரமா மூடிக்கிட்டு ஓடுனோம். மாறிப் போச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அங்க அவ என் மூடியைப் போட்டுத்தான் சோத்தை மூடுவா."

தங்கப்பழம் திரும்பினார்.

மூலைக்குப் போனார். ஓட்டை டப்பாக்களுக்கு நடுவே முழங்காலில் உட்கார்ந்து துழாவினார். கிடைத்தது. துண்டால் துடைத்தார். கொண்டுவந்து கொடுத்தார்.

பேச்சி பளபளப்பு மூடியை அவர் கையில் வைத்தாள். பழையதை வாங்கிச் சட்டியில் போட்டு உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். படிந்தது. போய்விட்டாள்.

உலகம்மா அடுப்படியில் இருந்தாள்.

"எல்லாரும் போயாச்சு," என்றார் தங்கப்பழம். "வழி சொல்லுங்க."

"எதுக்கு?"

"திருடனை ஒத்துக்கிட வைக்கதுக்கு."

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"என்னது?"

"திருடனைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் கஞ்சிக்காரி."

அவருக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "துண்டு போட்டுப் பேசுன பேரம்! ராத்திரி பூரா சட்டி கழுவ வச்சுட்டு..."

"சாயங்காலந்தான் கழுவினீங்க. ராத்திரி குறட்டை விட்டீங்க."

"விளையாடாதீங்க!"

"தகரம் வேண்டாம். ஓலையே இருக்கட்டும். போயிட்டு வாங்க."

கையிலிருந்த மூடியை வீசி எறிந்தார். அது தொட்டியில் பட்டுச் சுழன்று, சுழன்று, ஓய்ந்தது. செருப்பை மாட்டினார். ஜீப்பில் ஏறினார்.

சாவியைத் திருகவில்லை.

பக்கத்து இருக்கையில் துப்பாக்கி கிடந்தது. அதைச் சுற்றிய சாக்கு பாதி அவிழ்ந்திருந்தது. பழைய புண்ணாக்குச் சாக்கு. இத்தனை வருடம் அதில்தான் சுற்றி வைத்திருந்தார், ஒரு நாளும் விரித்துப் பார்த்ததில்லை.

இழுத்து மடியில் விரித்தார்.

இரண்டு கிரீஸ் கறை. கறுத்து, காய்ந்து, இரண்டு முழங்கால் அகலத்துக்கு. பக்கத்தில் பக்கத்தில்.

ஜீப் செங்கோட்டைப் பக்கம் திரும்பியது.

---

சவரிராயன் வீட்டு வாசலில் சாமான் கட்டிய அட்டைப் பெட்டிகள் நின்றன. அவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து கயிறு முடிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்னவே, ஒத்துக்கிட வந்தீரா?"

"இல்ல."

"என்னைய ஒத்துக்கிடச் சொல்ல வந்தீரா?"

"இல்ல."

"பொறவு? பஞ்சராகி நின்னுட்டீரா?"

"கிரீஸ் துடைக்க வந்தேன்."

சவரிராயன் கயிற்றை விட்டார்.

"உம்ம துப்பாக்கியில எண்ணெய் காஞ்சு கெடக்கும்," என்றார் தங்கப்பழம். "நாளைக்குப் பெங்களூர்க்காரன் வந்து துருவைக் கண்டான்னா, இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குல்லா கேவலம்."

"என் துப்பாக்கியில துருவா? உம்ம கண்ணுல இருக்கு துரு."

"எடுத்துட்டு வாரும். பாப்போம்."

"எடுத்துட்டு வாரேன். பாரும்."

கூடத்தில் சாமான் எதுவும் மிச்சமில்லை. தங்கப்பழம் சாக்கை விரித்தார். சவரிராயன் துப்பாக்கியோடு வந்தவர் நின்றார். சாக்கைப் பார்த்தார்.

"இதை இன்னும் வச்சிருக்கீரா?"

"நல்ல சாக்கு."

"புண்ணாக்குச் சாக்குவே."

"ஆமா. நல்ல புண்ணாக்கு."

சவரிராயன் மெதுவாக மடங்கி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சடசடத்தன. தன் கறை மேல்தான் உட்கார்ந்தார்.

போல்ட்டுகளை உருவினார்கள். இருவருக்கும் நடுவில் வைத்தார்கள். எண்ணெய்க் கிண்ணம் ஒன்றுதான் இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள்.

துடைக்க ஆரம்பித்தார்கள்.

"அந்த லாரிக்காரன் ஞாபகம் இருக்கா?" என்றார் சவரிராயன்.

"துப்பாக்கியைக் கண்டதும் கொள்ளைக்காரங்கன்னு நெனச்சு, சாவியைக் கையில குடுத்துட்டு, 'வண்டியை எடுத்துக்கிடுங்க, ஆளை விட்டுருங்க'ன்னானே."

"நீரு சாவியை வாங்கிட்டீரே வே!"

"குடுத்தான். வாங்குனேன்."

சவரிராயன் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நின்றதும் துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரோசலி செத்து நான் ஒத்தையில நின்னதுக்கு நீரு வரலியே."

தங்கப்பழம் கம்பிக் கட்டின் இடுக்கில் துணியை நுழைத்தார்.

"வந்தேன். கல்லறைத் தோட்டத்து கேட்டு வரைக்கும் வந்தேன்."

"தெரியும். ஜீப்பு சத்தம் கேட்டுச்சு."

"உள்ள வர முடியல வே."

"அதுவும் தெரியும். அரை மணி நேரம் எஞ்சினை அணைக்காம நின்னீரு. சாமியாரு ஜெபம் சொன்னது ஒரு எழவும் எங்களுக்குக் காதுல விழல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பேரும் கண்ணைத் துடைத்தார்கள். எண்ணெய்க் கை. கன்னமெல்லாம் கருப்பு.

சவரிராயன் உள்ளே போய்த் தேநீர் போட்டு வந்தார். டம்ளர் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. ஒரே செம்பில் இருந்தது, மாற்றி மாற்றிக் குடித்தார்கள். கனடாவில் பனி எப்படி இருக்கும் என்று பேசினார்கள். சுகர் மாத்திரையைப் பற்றிப் பேசினார்கள். தங்கப்பழத்தின் பேத்தி சைக்கிளில் விழுந்து பல் உடைந்த கதையைப் பேசினார்கள்.

வெளிச்சம் இறங்கியது.

"லைட்டைப் போடவா? பல்பைக் கழத்திப் பெட்டியில வச்சுட்டேன், எடுக்கணும்."

"எதுக்கு? கைக்குத் தெரியாத வேலையா?"

மாட்டினார்கள். இழுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். இரண்டும் மூடின.

---

உலகம்மா அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜீப் வந்து நின்றது. பின்னால் ஒரு சின்ன லாரி. லாரி நிறையத் தகரம்.

தங்கப்பழம் இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கொட்டகைக்குள் வந்தார். கும்பிட்டார்.

"தகரம் வேண்டாம்னேனே அண்ணாச்சி."

"மூணு பக்கமும் மேலயும்."

அவள் அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து இரண்டு கையையும் மூடினாள். உள்ளே நாலு விரலைப் பிடித்தாள்.

"சரி. நாலு," என்றார்.

அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

"என்ன, பேரமே பேசல? உடம்பு சரியில்லையா?"

"இப்பத்தான் அவனைத் திருவனந்தபுரத்துல பிளேன் ஏத்தி விட்டுட்டு நேரா வாரேன். தூக்கம் இல்ல."

"ஒத்துக்கிட்டாரா?"

"எதை?"

"திருடுனதை."

"அந்தப் பேச்சே வரலியே."

"அவரு துப்பாக்கி?"

"பெங்களூர்க்காரர் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு. துருவே இல்லன்னு சொன்னாரு."

"உங்களது?"

"ஜீப்புல கெடக்கு. சாக்குல சுத்துனபடி."

உலகம்மா துண்டை மடித்தாள். அவர் தோளில் போட்டாள்.

"இப்ப அதுல எந்த நம்பரு போல்ட்டு இருக்கு?"

தங்கப்பழம் வாயைத் திறந்தார்.

ஜீப்பைப் பார்த்தார்.

"பாக்கலியே," என்றார்.